வளைக்கரடிகளுக்கு இரண்டு வீடு

2023 மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நாயோடு நடக்கப் போன தெல்மா பாப்ஜாய் ஒரு மனிதத் தாடை எலும்பை மிதித்தாள். பழைய தேநீர்க் கறையின் நிறம். நான்கு பற்கள் மிச்சமிருந்தன. அவள் கத்தவில்லை. நாய் முந்திக்கொள்வதற்குள் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான். எலும்பு எங்கிருந்து வந்தது என்பது தலையை நிமிர்த்தியதுமே தெரிந்துவிட்டது. பத்தடி மேலே, ஊரார் 'கிழவன் கட்டில்' என்று சொல்லும் நீளமான கற்காலக் கல்லறை மேட்டின் விலாவில் புதிதாக ஒரு பொந்து. பொந்தின் வாயில் தள்ளுவண்டி நிறையக் கொள்ளும் அளவுக்குச் சுண்ணாம்பு மண். மண்ணோடு இன்னும் சில எலும்புகள், பந்தாக உருட்டிய காய்ந்த புல். மண்ணில் வளை தோண்டிக் குடும்பமாக வாழும் வளைக்கரடி, ஆங்கிலத்தில் பேட்ஜர், படுக்கை மாற்றினால் பழைய புல்லை இப்படித்தான் வாசலில் தள்ளிவிடும்.

"அட, நீங்களா?" என்றாள் தெல்மா, பொந்தைப் பார்த்து.

மனித எலும்பு கிடைத்தால் முதலில் போலீஸைக் கூப்பிட வேண்டும். டவுனிலிருந்து வந்த இளம் கான்ஸ்டபிள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்: "உங்க பக்கத்துல யாராவது காணாம போயிருக்காங்களா, மேடம்?"

"போயிருக்காங்க. ஐயாயிரத்து அறுநூறு வருஷமாச்சு. புகார் குடுக்கத்தான் ஆள் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி. பொந்து கற்களைத் தளர்த்தியிருக்கலாம் என்று கல்லறை வாசலில் ஒரு பூட்டு. எலும்புக்குப் பயப்படாத தெல்மா அந்தப் பூட்டுக்குப் பயந்தாள்.

மார்ல்கம் கிராமத்தின் கடைசி வீடு அவளுடையது, மேட்டுப்பண்ணை. விருந்தினருக்கு மூன்று அறைகள், படுக்கை, காலை உணவு. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் பேர்போன கல்வட்டங்களுக்குக் கூட்டம் பஸ் பஸ்ஸாக வரும், கயிற்றுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடும். கிழவன் கட்டிலுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் குனிந்து உள்ளே போகிறவர்கள். குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செப்புக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பூமியின் சக்தியை அளப்பவர்கள், ஹாலந்து சைக்கிள்காரர்கள், புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, உதிக்கிற சூரியன் நேராக வாசல் வழியே நுழைந்து கடைசிக் கல்லில் போய் விழும். அந்த வாரத்துக்கு மூன்று அறைகளும் ஒரு வருடம் முன்பே போய்விடும். அதில் வருகிறவர்கள்தான் வசந்தத்தில் மறுபடி வருவார்கள், ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கல்லறைக் குழிக்குள் ஆட்கள் போக முடிந்தால் தெல்மாவின் வீட்டில் அடுப்பெரியும்.

அந்தக் குழியை வளைக்கரடிகளுக்குக் காட்டிக்கொடுத்தவளும் அவளேதான். இதில் ரகசியம் எதுவுமில்லை, ஊருக்கே தெரியும்.

அவள் கணவன் நார்மன் பால்மாடு வைத்திருந்தவன். மாடுகளுக்குக் காசநோய் வந்து, மந்தை முழுவதையும் அரசாங்கம் ஏற்றிக்கொண்டு போய்ச் சுட்டது. அந்த நோயைப் பரப்புவது வளைக்கரடிதான் என்று நார்மன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு மேய்ச்சல் நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ரெக் டக்வெல்லின் ஆடுகளுக்கு விட்டுவிட்டு, தெல்மா மாடி அறைகளைத் திறந்தாள். முதல் வருடமே ஒரு மாலை, லீட்ஸிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் புல்வெளியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, வரவேற்பறை ஜன்னலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் தெல்மா ஒரு கைப்பிடி வேர்க்கடலை போட்டாள். அடுத்த வருடம் ஜன்னலுக்கு வெளியே அவற்றின் கண்ணைக் கூசச் செய்யாத சிவப்பு விளக்கு, உள்ளே ஆறு நாற்காலி. இணையதளத்தில் ஒரு வரியும் சேர்ந்தது: கையில் கோகோ, கைக்கெட்டும் தூரத்தில் வளைக்கரடி. இரண்டாக வந்தவை ஐந்தாயின, பதினொன்றாயின. வேலியோரத்துப் பழைய வளையில் அத்தனை பேருக்கும் இடம் இல்லை. மேட்டில் மண் லேசாக இருந்தது, ஈரம் இல்லை, மேலே கல்கூரை. அவை வேறெங்கே போகும்?

செவன் ஸ்டார்ஸ் மதுக்கடையில் ரெக் டக்வெல் இதை விடவேயில்லை.

"ஏம்மா தெல்மா, உன் வீட்டு விருந்தாளிங்க எப்படி இருக்காங்க? அந்த நாலு கால் குடும்பம்?"

"வாயை மூடு ரெக்."

"சும்மா விசாரிச்சேன்மா. மூணு அறை போதலன்னு மேட்டையும் சேத்து வாடகைக்கு விட்டுட்டியாமே? காலை உணவு உண்டுதானே?"

கடையே சிரித்தது. தெல்மாவும் சிரித்தாள், வேறு என்ன செய்ய? வேர்க்கடலையை அந்தச் செவ்வாய்க்கிழமையே நிறுத்தியிருந்தாள். பழகிய நேரத்துக்கு அவை ஜன்னலுக்கு வந்தன. சிவப்பு விளக்கில் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்தன. அவள் திரையை இழுத்துவிட்டாள்.

ஏப்ரலில் எஸ்டேட்டின் காரியஸ்தர் கிறிஸ்பின் ஃபாலி வந்தார். பள்ளத்தாக்கில் பாதி ஒரே குடும்பத்துக்குச் சொந்தம், மேட்டுப்பண்ணை வீடும் அதில் சேர்த்தி. தெல்மாவின் குத்தகை அடுத்த மார்ச் இருபத்தைந்தாம் தேதி முடிகிறது. ஃபாலி மரியாதை தெரிந்த மனிதர். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த சாக்ஸோடு சமையலறையில் உட்கார்ந்தார்.

"ஒளிச்சுப் பேச விரும்பல, மிஸஸ் பாப்ஜாய். இந்த வீட்டை மொத்தமா விடுமுறை வீடா மாத்தலாம்னு குடும்பத்துல ஒரு பேச்சு இருக்கு. சுடுதண்ணித் தொட்டி, சாவிப் பெட்டி, அந்த மாதிரி."

"நான் இருக்கேனே இங்க."

"அதைத்தான் நானும் சொன்னேன். அறை நிறையுது, வர்றவங்க மதுக்கடைக்குப் போறாங்க, ஊருக்கு நல்லதுன்னு சொன்னேன். ஆனா கல்லறை பூட்டிக் கிடந்தா நான் எதை வெச்சுப் பேசறது? டிசம்பர்ல கதவு திறந்திருக்கட்டும். அஞ்சு வருஷத்துக்குக் குத்தகை வாங்கித் தர்றது என் பொறுப்பு."

"திறக்கலன்னா?"

ஃபாலி கேக்கைப் பாராட்டினார்.

ஆக, டிசம்பர். தெல்மா தொலைபேசி முன்னால் உட்கார்ந்தாள். பழஞ்சின்னங்களுக்கு ஒரு அலுவலகம், காட்டு விலங்குகளுக்கு இன்னொன்று. அவள் மனத்துக்குள் அவர்களுக்குக் கல்லுக்காரர், மிருகக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டாள். மிருகக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். பொந்துகளில் ஒருவழிக் கதவு மாட்டுவது, வளைக்கரடி வெளியே வரலாம், திரும்பி நுழைய முடியாது, சுற்றிலும் கம்பிவலையை ஆழமாகப் புதைத்துவிட்டால் தோண்டவும் முடியாது. கல்லுக்காரர்கள் கேட்டதும் பதறினார்கள். புதைப்பதா? பாதுகாக்கப்பட்ட மேட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கே அனுமதி வேண்டும்.

"அப்ப மேட்டை யாருமே தோண்டக் கூடாது?"

"யாருமே கூடாதுங்க."

"வளைக்கரடி தோண்டுதே?"

"வளைக்கரடி எங்ககிட்ட அனுமதி கேக்க வேண்டியதில்லைங்க, மிஸஸ் பாப்ஜாய்."

மிருகக்காரர்கள் கல்லுக்காரர்களின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள். கல்லுக்காரர்கள் மிருகக்காரர்களின் உரிமத்துக்காக. யாரும் முரட்டுத்தனமாகப் பேசவில்லை, ஒருவர்கூட. எல்லோரும் அவள் நிலைமையைப் புரிந்துகொண்டார்கள், எல்லோரும் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். யாராவது ஒருத்தன் அவமானமாகப் பேசியிருந்தால்கூட அவள் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஜூலை போயிற்று. வளையை மூடுவதற்குச் சட்டம் விட்டிருக்கும் காலம் ஜூலையில் தொடங்கி நவம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு தாய் வயிற்றில் குட்டி இருக்கும், தொடக்கூடாது. ஆகஸ்டில் வேலியோரத்தில் ஓர் அகழியை வெட்டி, மரப்பெட்டிகளையும் குழாய்களையும் பதித்து, வைக்கோல் பரப்பி, வளைக்கரடிகளுக்கு மாற்று வீடு கட்டினார்கள். தெல்மா வேலைக்காரர்களுக்குத் தேநீர் கொண்டுபோனாள். பெட்டிக்கு உள்ளே குனிந்து பார்த்தாள். வேலை சுத்தமாக இருந்தது.

"நல்லா இருக்கு. அடுத்த மார்ச்சுல எனக்கு ஒரு வீடு இருக்குமோ இருக்காதோ, இவங்களுக்கு ரெண்டு வீடு."

கடைசியில் இரண்டு அலுவலகமும் ஒத்துப்போனபோது செப்டம்பர் முடிந்துகொண்டிருந்தது. வலையைப் புதைக்கக் கூடாது, மேட்டின் மேல் பாயைப் போலப் பரப்பி விரல் நீள ஆணிகளால் பிடித்து வைக்கலாம். அதுதான் சமரசம். ஒருவழிக் கதவுகளை மாட்ட வந்தவன் காலம் த்ரெல்ஃபால், லங்காஷயர் பையன், முப்பது வயதிருக்கும், எதையும் நேராகச் சொல்லிவிடுவான். தெல்மாவுக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

"மூணு வாரம்ங்க. மூணு வாரம் தொடர்ந்து ஒரு வளைக்கரடியும் உள்ள போகலன்னு கேமரால உறுதியானா, பொந்தை அடைச்சிரலாம். நடுவுல ஒண்ணு நுழைஞ்சாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அந்த ஆணி தாங்குமா?"

"தாங்காது. வேற குடுத்திருந்தா வேற அடிச்சிருப்பேன்."

முதல் தடவை இரண்டாவது வாரத்திலேயே ஒரு கிழ ஆண் வளைக்கரடி வலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி கதவு, மறுபடி வலை, மேலே மணல் மூட்டைகள். அக்டோபர் கடைசியில் எண்ணிக்கை திரும்பத் தொடங்கியது. நவம்பர் நடுவில் முடிய வேண்டும். முடிந்தால் பொந்தை அடைக்க ஒரு வாரம், கற்களைச் சோதிக்க ஒரு வாரம், டிசம்பரில் வாசல் திறந்துவிடும். தெல்மா தினமும் காலையில் வேலி வரைக்கும் போய் நின்றாள். உள்ளே போக அவளுக்கும் அனுமதியில்லை. மழை பெய்தது. மணல் மூட்டைகள் அசையவில்லை. குளிர்கால வாரத்துக்கு முன்பே அறை பிடித்து, வரலாமா என்று கேட்டவர்களுக்கு "அநேகமாகத் திறந்துவிடும்" என்று பதில் போட்டாள். மூன்று அறைக்காரர்களும் வருவதாக உறுதி சொன்னார்கள். ஃபாலியிடமும் சொன்னாள். ரெக்குகூட ஒரு நாள், "பரவால்லம்மா, கெட்டிக்காரிதான்" என்று ஒரு கிளாஸ் சைடர் வாங்கிக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான் சாட்டவே தம்பதி வந்தார்கள்.

டெஸ்மண்ட் சாட்டவேயும் ஏவ்ரில் சாட்டவேயும் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வருஷம் இரண்டு தடவை வருகிறவர்கள். அவர் பூட்டுத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவள் பள்ளிச் சமையற்காரி. பத்துப் பன்னிரண்டு வருடமாக அதே இரண்டாம் அறை, அதே மஞ்சள் திரை. கிறிஸ்துமஸுக்குத் தெல்மாவுக்குக் கையுறை பின்னி அனுப்புவார்கள். வந்த அன்றே ஏவ்ரில் வரவேற்பறை ஜன்னலுக்குப் போனாள், திரை மூடியிருந்ததைப் பார்த்தாள், தெல்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டோம், கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"எல்லாம் நல்லா இருக்கு," என்றாள் தெல்மா. உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

நான்கு நாள் கழித்து, காலை உணவு நேரத்தில் காலம் பின்வாசல் வழியாக வந்தான். பூட்ஸைக் கழற்றாமலே சமையலறை மேஜையில் கைப்பேசியை வைத்தான். பன்றி இறைச்சி கல்லில் பொரிந்துகொண்டிருந்தது.

"உள்ள போயிருச்சுங்க. ஒண்ணு இல்ல, மூணு. தெற்குப் பக்கம் வலைக்கு அடியில புதுசா தோண்டியிருக்கு."

தெல்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "காலம், இன்னும் ரெண்டு நாள்தானே பாக்கி இருந்துது."

"ஆமாங்க."

"ஏன்? ரெண்டு வாரத்துக்கு மேல எட்டிக்கூடப் பாக்கலையே!"

"இதைப் பாருங்க."

கேமராவின் சாம்பல் நிறப் படத்தில் ஒரு மனிதர் வேலியோரம் குனிந்திருந்தார். தலையில் பெரிய குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. கையில் ஒரு தகர டப்பா. அடுத்த படத்தில் கையை வேலிக்கு மேலே வீசியிருந்தார், ஏதோ பரவலாகப் பறந்துகொண்டிருந்தது. அதற்கடுத்ததில் மணல் மூட்டைகளுக்கு நடுவே மூன்று கோடு போட்ட முகங்கள்.

"வேர்க்கடலை," என்றான் காலம். "வலைக்கண்ணு வழியா உள்ள விழுந்துருச்சு. அதைப் பொறுக்கத்தான் தோண்டியிருக்கு. தோண்டினதும் பழைய வீடு. யாருன்னு தெரியுதாங்க?"

தெல்மா டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாம் அறையின் தேநீர்த் தட்டில் அவள் பிஸ்கட் போட்டு வைக்கும் டப்பா. பக்கத்து அறையில் யாரோ முட்டை ஓட்டை ஸ்பூனால் தட்டினார்கள்.

அவள் டோஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் எடுத்துக்கொண்டு போனாள் என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கே எரிச்சலாக வந்தது. கை தானாகவே எடுத்துவிட்டது.

"இதோ வந்துட்டாளே!" என்றார் டெஸ்மண்ட். "தெல்மா, இந்த வருஷம் மார்மலேட் அமர்க்களம்."

"டெஸ்மண்ட், நீங்க மேட்டுல வேர்க்கடலை போட்டீங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிடிபட்ட முகம் இல்லை அது. பரிசை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டாளே என்கிற முகம்.

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தோம்," என்றாள் ஏவ்ரில். "உன்னால போட முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு. சட்டம் உன் கையைக் கட்டிப்போட்டிருக்கு. அதான் உனக்குப் பதிலா நாங்க."

"எனக்குப் பதிலா."

"எப்படி மெலிஞ்சு போச்சுங்க பாத்தியா? பாவம் அந்த ஹென்றியெட்டா, எலும்பும் தோலுமா..."

"அது மெலியல ஏவ்ரில், அது நனைஞ்சிருந்துது!"

தெல்மாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஒன்றாம் அறை டச்சுக்காரர் முள்கரண்டியைத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டார்.

"மூணு வாரம் எதுவும் உள்ள போகக் கூடாது. ரெண்டு நாள் பாக்கி இருந்துது. ரெண்டே நாள்! இப்ப மறுபடி எண்ணினா டிசம்பர் வந்துரும். டிசம்பர்ல தொடக் கூடாது. அடுத்த ஜூலை வரைக்கும் கல்லறை பூட்டு. மார்ச்சுல என் குத்தகை போயிடும். புரியுதா? இந்த வீடு போயிடும். நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி, அந்த மஞ்சள் திரை, எல்லாம்."

டெஸ்மண்டின் கழுத்து சிவந்தது. "எங்களுக்கு இது தெரியாதே."

"கேட்டிருக்கலாமே!"

"நீங்க சொல்லியிருக்கலாமே, தெல்மா. வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

சொன்னாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வாள். மழையில் சேறோடு வந்து கம்பளத்தில் நடந்தவர்களிடமும், நள்ளிரவில் வெந்நீர் வரவில்லை என்று கதவைத் தட்டியவர்களிடமும், பரவாயில்லை, தொந்தரவே இல்லை, எல்லாம் நல்லா இருக்கு. அது வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு.

ஏவ்ரில் கைக்குட்டையை எடுத்தாள். "நாங்க அந்தக் குழிக்குள்ள ஒரு தடவைகூடப் போனதில்ல கண்ணு," என்றாள் அழுகைக்கு நடுவே. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட. எங்களுக்கு இடுப்பு வளையாது. நாங்க வந்தது அதுங்களுக்காகத்தான். நீதானே எங்களுக்கு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் குடுத்தே?"

அது உண்மை என்பதுதான் தெல்மாவை இன்னும் கொதிக்க வைத்தது.

"பத்து மணிக்குள்ள கிளம்பிடுங்க," என்றாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கே எங்களுக்கு," என்றார் டெஸ்மண்ட், தயக்கத்தோடு.

"பத்து மணிக்குள்ள."

இத்தனை வருடத்தில் அவள் வீட்டைவிட்டுப் போகச் சொன்ன முதல் விருந்தினர்கள் அவர்கள்தான். சமையலறைக்குத் திரும்பியதும் அவள் கை ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவ ஆரம்பித்தது. வழிக்குச் சாண்ட்விச், ஹாம், ஊறுகாய். காலம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவங்களுக்கா?"

"வுல்வர்ஹாம்ப்டன் தூரம்," என்றாள் தெல்மா பல்லைக் கடித்துக்கொண்டு. "பேசாம அந்தக் கருகின இறைச்சியைத் தின்னுட்டுப் போ."

கூடுதல் அவகாசம் கிடைக்குமா என்று காலம் எழுதிக் கேட்டான். கிடைக்காது என்று மிருகக்காரர்கள் அடுத்த நாளே சொல்லிவிட்டார்கள். முதல் தடவையாக உடனடி பதில். குட்டி போடும் காலம் என்பதில் வாதாடுவதற்கு எதுவுமில்லை. தெல்மாவும் வாதாடவில்லை. நவம்பர் முடிவதற்கு முன்பே காலம் த்ரெல்ஃபால் வந்து ஒருவழிக் கதவுகளைக் கழற்றிவிட்டான். வளைக்கரடிகள் இரண்டு வழியிலும் போய்வரத் தொடங்கின. வேலியோரத்துப் புது வீட்டையும் அவை விட்டுவிடவில்லை. இரண்டு இளசுகள் அங்கே குடியேறியிருப்பதாகக் காலம் சொன்னான்.

குளிர்கால வாரத்துக்கு வருவதாக இருந்தவர்களுக்குத் தெல்மா ஒவ்வொருவராகப் போன் செய்தாள். இரண்டு குடும்பங்கள் வரவில்லை. வருவேன் என்று வந்தவர் எக்ஸிட்டரிலிருந்து ஒரு பல் மருத்துவர், தனியாக. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை, கைவிளக்கோடு அவரும் தெல்மாவும் வேலியோரம் போய் நின்றார்கள். மார்ல்கம்மில் அந்த நாளன்று வானம் தெளிவாக இருப்பது அபூர்வம். போன ஆறேழு வருடமாக மேகம், தூறல், ஒரு தடவை மூடுபனி. அவ்வளவு வருடமும் ஆட்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து, கறுத்த கல்லைப் பார்த்துவிட்டு, "அனுபவம்தான் முக்கியம்" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்த வருடம் ஒரு துளி மேகம் இல்லை. சூரியன் ரெக்கின் ஆட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று எழுந்து, பனிபடிந்த புல்லின் மேல் கோடு கிழித்துக்கொண்டு வந்து, பூட்டிய கம்பிக் கதவின் ஊடாக நேராக உள்ளே போயிற்று.

"உள்ள எப்படி இருக்கும் இப்ப?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"தெரியல சார். உள்ள இருக்கிறவங்க தூங்கிட்டிருப்பாங்க."

அறை பிடித்திருந்தது, காலை உணவு பிரமாதம் என்று இணையத்தில் எழுதி, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்.

ஜனவரியில் ஃபாலி வந்தார். கூடவே சுவர்களைச் சிவப்புப் புள்ளி விளக்கால் அளக்கிற ஒரு ஆள். அவன் நார்மன் செத்துப்போன அறையை அளந்தான், இரண்டாம் அறையை அளந்தான், வரவேற்பறை ஜன்னலை அளந்து, "இங்க மடக்குக் கதவு வெச்சா சுடுதண்ணித் தொட்டிக்கு நேரா போயிரலாம்" என்றான். ஃபாலிக்குத் தர்மசங்கடமாக இருந்தது. கேக்கை எடுத்தவர் கடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

"நான் என்னால முடிஞ்சதைப் பேசிப் பாத்தேன், மிஸஸ் பாப்ஜாய்."

"தெரியும் சார்."

"இன்னொண்ணு. குடும்பத்துல கேக்கச் சொன்னாங்க. சனிக்கிழமைல ஆள் மாறும்போது படுக்கை மாத்தி, வீட்டைத் துடைக்கிறதுக்கு நம்பிக்கையா ஒருத்தர் வேணும். இந்த வீட்டை உங்களை விடத் தெரிஞ்சவங்க..."

தெல்மா அவரைப் பார்த்தாள். அவர் சாக்ஸில் இப்போது ஓட்டை இல்லை, புதிது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

செவன் ஸ்டார்ஸில் ரெக் இதைக் கேட்டதும் கிளாஸைப் பட்டென்று வைத்தார். கிண்டல் செய்யவில்லை.

"போகாதம்மா. உன் வீட்டையே நீ போய்க் கூட்டுவியா? நார்மன் இருந்திருந்தா அந்த ஃபாலியை வைக்கோல்போர் வரைக்கும் துரத்தியிருப்பான்."

"நார்மன் இருந்திருந்தா வேர்க்கடலையே இருந்திருக்காது ரெக். வேற வேலை எங்க இருக்கு, சொல்லு? கடைசி பஸ் நாலரைக்கு. நான் கார் ஓட்ட மாட்டேன். அறுபதுல யார் கூப்பிடுவாங்க என்னை?"

"என்கிட்ட வா. குட்டி போடற சீசன்ல..."

"உன் ஆட்டுக்குப் பிரசவம் பாக்கறதுக்கு அவங்க படுக்கையை மாத்தறது மேல்."

வீடு மாற்ற டிரெய்லரும் தானும் வருவதாக ரெக் சொன்னார்.

இரண்டு வாரம் தெல்மா ஃபாலிக்குப் போன் செய்யவில்லை. அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு காலையும் எழுந்ததும், முடியாது என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளை வெந்நீர் கொதிக்கும்வரை மனத்துக்குள் அடுக்கினாள், மரியாதையாக ஒரு விதம், மரியாதை இல்லாமல் ஒரு விதம். பிறகு ஒரு நாள் போன் செய்தாள். மறுமுனையில் ஃபாலி, "ஹலோ, மிஸஸ் பாப்ஜாய், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு சார்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல. நல்லா இல்ல. ஆனா வர்றேன். ஒன்பதுக்கு வர முடியாது, நான் போற ஊர்லேர்ந்து அந்நேரம் பஸ் இல்ல. பத்து மணி. சுடுதண்ணித் தொட்டியை நான் தொட மாட்டேன், அதுக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

ஃபாலி ஒத்துக்கொண்டார்.

மார்ச் இருபத்தைந்து, திங்கட்கிழமை, நண்பகலுக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். இரண்டு கிராமம் தள்ளி, பஸ் நிற்கும் மூலையில், தெல்மாவுக்கு ஒரு சிறிய வீடு கிடைத்திருக்கிறது. ஒரு படுக்கையறை, நாய் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் ஆறாம் தேதி, சனிக்கிழமை, பத்து மணிக்கு மேட்டுப்பண்ணையில் அவளுக்கு வேலை ஆரம்பிக்கிறது. முதலில் வருகிறவர்கள் பிரிஸ்டலிலிருந்து எட்டுப் பேர், இரண்டு நாய்கள்.